தனியாகப் படுக்கிற வேண்டுதல்

எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நினைத்தே வருடங்கள் ஓடிவிட்டன. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை ஒழுங்காகப் படித்தவன். அதற்கு மேல் மலாய்ப் பள்ளிக்கு ஒப்புக்குப் போய் வந்தவன். எனக்கு எழுத்து வராது என்று நானே சொல்லிக்கொண்டு பேனாவை மூடி வைத்துவிடுவேன். அது சாக்கு. கோயில் நோட்டீசு எழுதச் சொன்னால் எழுதிக் கொடுக்கிறேன் அல்லவா? இதற்கு மட்டும் கை வராமல் போனதற்குக் காரணம் வெட்கம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன், இதை எப்படி வெளியே சொல்வான்?

சொல்லிவிடுகிறேன். எனக்கு இருட்டில் தனியாகப் படுக்கப் பயம்.

வெளிச்சம் இருந்தால் பயமில்லை. ஆள் இருந்தால் பயமில்லை. ஆயர் குரோ பேக்டரியில் வருடக்கணக்காக நைட் ஷிப்ட் பார்த்திருக்கிறேன். அங்கே மிஷின் சத்தமும் டியூப் லைட்டுமாக இருக்கும், ஒன்றும் தெரியாது. ஆனால் இருட்டில், பக்கத்தில் மூச்சு விடுகிற ஒரு ஆள் இல்லாமல் படுத்தேன் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் விறைத்துப் போகும். எஸ்டேட் லயத்து வீட்டில் நாங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே அறையில் வரிசையாகப் படுப்போம். நான் எப்போதும் நடுவில்தான். பிறகு கல்யாணமாகி பாச்சாங்கில் வீடு எடுத்தேன். பக்கத்தில் மனைவி, கொஞ்ச நாளில் மகள். அப்படியே முப்பது வயதும் தாண்டிவிட்டது, ஒரு ராத்திரிகூட நான் தனியாகப் படுத்ததில்லை. யாரும் கண்டுபிடித்ததும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். ராத்திரியில் பின்பக்கம் கக்கூசுக்குப் போக வேண்டும் என்றால் மனைவியை மெதுவாக எழுப்புவேன். "உனக்குத் தண்ணி வேணுமா? வா, எடுத்துத் தரேன்" என்பேன். அவளும் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருவாள். தாகமே இல்லாத மனுஷியை எத்தனை ராத்திரி தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறேன்!

பகலில் நான் வேறு ஆள். வெள்ளிக்கிழமை பஜனையில் என் குரல்தான் முதலில் எழும்பும். கோயிலுக்கு வரும் பையன்கள் பேய்க்கதை பேசினால், "சாமி கும்பிடறவனுக்குப் பேயாவது பிசாசாவது, போங்கடா" என்று அதட்டுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது, அவளுக்கு விடாத ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பு அனலாய்க் கொதித்தது, பிள்ளை கண் திறக்கவில்லை. நான் வராந்தாவில் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி கட்டிலை விட்டு அசையவில்லை. ஒருநாள் விடிகாலையில் ஜுரம் இறங்கி, பிள்ளை குடிக்க மைலோ கேட்டது. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துகொண்டு மனைவி சொன்னாள்:

"நான் அம்மாளுக்கு வேண்டிக்கிட்டேங்க."

அம்மாள் என்று அவள் சொல்வது அவள் பிறந்த எஸ்டேட்டின் மாரியம்மனை. கோலா சுங்கை பாருவைத் தாண்டி உள்ளே போக வேண்டும்.

"பால்குடமா? எடுத்துட்டாப் போச்சு."

"குடம் மட்டும் இல்ல. நீங்க சைக்கிள் மிதிச்சுப் போகணும். திருவிழாவுக்கு மொத நாள் ராத்திரி கூரை இல்லாத எடத்துல, வெறுந்தரையில, தனியாப் படுக்கணும். காலையில குளிச்சிட்டுக் குடம் தூக்கணும்."

"யாரு?"

"நீங்கதான். வேற யாரு?"

எங்கள் வீடுகளில் இது புதிதில்லை. வேண்டிக்கொள்வது பெண்கள், நிறைவேற்றுவது ஆம்பிளைகள். என் அம்மா வேண்டிக்கொண்டதற்கு என் அப்பா இரண்டு தடவை மொட்டை அடித்திருக்கிறார். அதனால் நான் மறுபேச்சுப் பேச முடியாது. பிள்ளை பிழைத்துவிட்டது, அம்மாள் அவள் பங்கைச் செய்துவிட்டாள். இனி என் பங்கு. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"தொணைக்கு ஆள் வரலாமா?"

"வழிக்கு வரலாம். படுக்கறது அவங்கவங்க தனி."

வழிக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவன் மனைவியின் தம்பி, என் மச்சான்; அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். லோரி ஓட்டுகிறவன். வாயைத் திறந்தால் கேலிதான். இன்னொருவர் எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்த கிராணி அண்ணன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. லீவு கிடைத்தால் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்காவது போய், மரத்தடியில் ஒரு ராத்திரி படுத்துவிட்டுத் திரும்பி வருவார். வீடு இருக்கும்போது இந்த மனுஷர் ஏன் வெளியே போய்ப் படுக்கிறார் என்று தெருவே சிரிக்கும். என் வேண்டுதலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துபோனது.

"தம்பி, நீர் ஒண்டும் யோசிக்காதேயும். சாமான் என்ன கொண்டுபோறது எண்டு நான் பாத்துத் தாறன். அதிலதான் எல்லாம் கிடக்கு."

அவர் சொன்னது உண்மைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதலில் அவருடைய தூக்கப் பையைக் காட்டினார். குளிர் தேசத்துச் சாமான், உள்ளே பஞ்சு அடைத்தது. நிறையச் செலவழித்து வாங்கினாராம். "இதுக்குள்ள படுத்தால் விடியிறதுக்குள்ள அவிஞ்சுபோவீர். நான் இதைத் தலையணையாத்தான் வச்சிருக்கிறன்" என்று அவரே சிரித்தார். நமக்குக் குளிர் எதிரி இல்லை, மழையும் பனியும் கொசுவும் எறும்பும்தான் எதிரி. அதற்கு ஏற்றதை நம் வீட்டிலேயே தேடச் சொன்னார்.

தேடினோம். மச்சான் எஸ்டேட்டிலிருந்து உரமூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தான். உரம் கொட்டியபின் தூக்கிப் போடுகிற பைதான். நன்றாகக் கழுவி, இரண்டை ஒட்டினால் ஒரு ஆள் உள்ளே நுழைந்து படுக்கலாம். கீழே ஈரம் ஏறாது, மேலே தூறல் இறங்காது, சுருட்டினால் ஒரு முழங்கை அளவுதான். மகள் தொட்டிலில் கிடந்த காலத்துக் கொசுவலை அலமாரியில் இருந்தது. தலைமாட்டுக்கு அது போதும். பழைய குடைகளின் துணியைப் பிரித்து மனைவி ஒரு மழைப்போர்வை தைத்துக் கொடுத்தாள். போர்வைக்குக் கைலி. கிராணி அண்ணன் கைலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். போர்த்தலாம், கட்டிக்கொண்டு குளிக்கலாம், தலை துவட்டலாம், முடிச்சுப் போட்டால் பை, சுருட்டினால் தலையணை. வெள்ளைக்காரன் இத்தனை வருடம் யோசித்தும் இப்படி ஒரு சாமானைக் கண்டுபிடிக்கவில்லை என்பார்.

அடுப்பு வேண்டாம், தட்டு வேண்டாம், வாழையிலையில் கட்டிய புளிச்சோறு போதும். விரதம் என்பதால் தோல் சாமானும் கூடாது. என் சைக்கிளின் தோல் சீட்டைக் கழற்றி பிளாஸ்டிக் சீட்டு மாட்டினேன். இடுப்பு பெல்ட்டையும் விட்டுவிட்டேன். ஓட்டை டியூப்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, கேரியரில் சாமானைக் கட்டும் கயிறாக்கினோம். பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் மட்டும் எவ்வளவு கனமானாலும் விடக்கூடாது என்றார் அண்ணன்.

இதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நான் அவர்களுக்குத் தெரியாமல் இன்னொரு மூட்டையும் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிராணி அண்ணன் பாசாரில் மீன்காரரிடமிருந்து கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தார். எங்கள் வீட்டு முன்பக்கக் கிரில் கம்பியில் அதை மாட்டினார். அவர் பை ஏறியது, முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. மச்சான் பையும் அப்படித்தான். என் பையை மாட்டியதும் முள் சர்ரென்று இறங்கி அடியில் போய் நின்றது, கிரில் முனகியது.

"அடேயப்பா!" என்றான் மச்சான். "மச்சான், சைக்கிள் வேணாம், நான் லோரி எடுத்துட்டு வந்துடறேன்லா."

"தம்பி, நீர் என்ன வீடு மாத்துறீரோ?" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டே பையை இறக்கிப் பாயில் வைத்து, அவரே திறந்தார்.

நான் தடுத்திருக்கலாம். எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நியூஸ்பேப்பரில் சுற்றிய பாராங் கத்தி. பெரிய டார்ச் லைட் இரண்டு, மாற்று பேட்டரியோடு. அரிக்கேன் விளக்கு. மண்ணெண்ணெய் போத்தல். கண்ணாடி போட்ட முனியாண்டி படம். வெண்கல மணி. கற்பூரப் பெட்டி. திருநீறு, ஒரு பால்மாவு டின் நிறைய. கையடக்க ரேடியோ. கடைசியாக ஒரு பை எலுமிச்சம்பழம், அது வாய் அவிழ்ந்து பாயில் உருண்டது. மகள் ஓடிப்போய் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டாள்.

இரும்பு பக்கத்தில் இருந்தால் எதுவும் அண்டாது. மணிச் சத்தம் கேட்டால் ஓடும். எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வைத்தால் உள்ளே வராது. ரேடியோ போட்டால் ஆள் இருப்பதுபோல இருக்கும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பயம். என் உள்ளுக்குள் இருப்பதை எடுத்துப் பாயில் பரப்பி வைத்ததுபோல இருந்தது. மனைவி வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"எதுக்கு உது எல்லாம்?" என்று அண்ணன் கேட்டார்.

"சாமிக்கு..." என்றேன். "போற எடத்துல பூசை போடலாம்னு."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை. மச்சான்கூடக் கேலியை விட்டுவிட்டான். "எங்க மச்சான் படுக்கற எடத்துலயும் ஒரு கோயிலக் கட்டிருவாருலா" என்றான், பெருமையாக. எனக்குக் காது இரண்டும் சுட்டது. பயத்தைக் கொட்டி வைத்திருக்கிறேன், அவர்கள் பக்தி என்று கும்பிடுகிறார்கள்.

"பக்திதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்று அண்ணன் பழங்களைப் பொறுக்கினார். "ஆனா ஒவ்வொண்டையும் கையில எடுத்து, இது இல்லாட்டி ஒரு ராத்திரி இருக்கேலாதோ எண்டு கேட்டுப் பாரும்."

எனக்கு இருக்க முடியாது என்று எப்படிச் சொல்வது? அவர் எடுத்து எடுத்து ஒரு பக்கம் வைத்தார். கத்தி போனது, விளக்கு போனது, முனியாண்டி போனார். "டார்ச்சாவது இருக்கட்டுமே அண்ணே" என்றேன். குரல் கெஞ்சலாகத்தான் வந்தது.

"என்னட்ட ஒண்டு இருக்கு. மூண்டு பேருக்கு ஒண்டு காணும்."

கடைசியில் ஒரு சிட்டிகை கற்பூரமும் ஒரு மடிப்புத் திருநீறும் மிஞ்சின. பையை மறுபடி தராசில் மாட்டினார்கள். முள் அசைந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். மச்சான் கை தட்டினான்.

திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம் கிளம்பினோம். மனைவியும் மகளும் காலையிலேயே பஸ்ஸில் எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். தஞ்சோங் கிளிங் தாண்டிக் கடலோரப் பாதையில் மிதித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாரமில்லாத சைக்கிள் தானாகவே ஓடுகிறது. பிளாஸ்டிக் சீட்டுதான் கடித்தது. வழியில் ஒரு கடையில் ஐஸ் போட்ட சர்பத் குடித்தோம். மச்சான் பெரிய லோரிகள் கடக்கும்போதெல்லாம் டிரைவருக்குக் கை காட்டி, "பாத்தியா, இவனுங்க எல்லாம் நம்ம ஆளுங்க" என்பான். வெயில் இறங்க இறங்க எனக்குள் சந்தோஷமும் இறங்கிக்கொண்டே வந்தது.

கோலா சுங்கை பாருவுக்குக் கொஞ்சம் முன்னால், கரையோரமாக சவுக்கு மரங்கள் இருந்த இடத்தில் நிறுத்தினோம். கொஞ்சம் தள்ளி, மீனவர்கள் வலை வைக்கும் கொட்டகை ஒன்று. அதில் ஒரு பல்பு எரிந்தது. அங்கிருந்த மலாய்க்காரப் பெரியவரிடம் இங்கே படுக்கலாமா என்று கேட்டோம். "போலே, போலே" என்று தாராளமாகத் தலையாட்டினார். மழை வந்தால் கொட்டகைக்குள் வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பல்பை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

புளிச்சோறு சாப்பிட்டோம். கற்பூரம் ஏற்றினேன், அது சட்டென்று எரிந்து முடிந்தது. ஆளுக்கு ஒரு மரம் என்று அண்ணன் பிரித்துக் கொடுத்தார். என் மரம் ஓரத்தில். "வேண்டுதல் உம்முடையது, உமக்குத்தான் நல்ல தனி இடம்" என்றார், எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. பிறகு டார்ச்சை அணைத்துவிட்டார்.

உரப்பைக்குள் நுழைந்து படுத்தேன். கழுவியும் உர வாடை போகவில்லை. என் மூச்சே உள்ளே நீராகி மேலே சொட்டியது. திரும்பினால் பிளாஸ்டிக் சரசரத்தது, என் சத்தத்துக்கு நானே நடுங்கினேன். அலை வருகிற சத்தம் யாரோ காலை இழுத்து இழுத்து நடப்பதுபோல இருந்தது. அம்மா அம்மா என்று நாக்கு சொல்லிக்கொண்டே இருந்தது, நெஞ்சு கேட்கவில்லை. இத்தனை வருடம் பஜனையில் யாரைக் கூப்பிட்டேன்? கூப்பிட்டவள் இங்கே இல்லையா? அம்மாள் கூட இருக்கிறாள் என்று நான் நிஜமாக நம்பியிருந்தால் இப்படி நடுங்குவேனா? அந்தக் கேள்வி வந்ததும் பயத்தைவிட அதுதான் என்னைச் சுட்டது. பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிக் கிடந்தது நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு ராத்திரி. அதைக்கூட இந்தப் பிள்ளைக்காக என்னால் கொடுக்க முடியாதா?

முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். கொட்டகையில் பல்பு எரிகிறது. அங்கே போனால் கூரை வந்துவிடும், வேண்டுதல் போய்விடும். மச்சான் பக்கம் போனால் தனியாக என்பது போய்விடும். இரண்டில் எதை உடைப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கடைசியில் பையை இழுத்துக்கொண்டு குனிந்தபடி மச்சான் மரத்தைப் பார்த்துப் போனேன்.

பிளாஸ்டிக் தரையில் உரசுகிற சத்தத்தில் அவன் விழித்துக்கொண்டான். உடும்பு வருகிறது என்று நினைத்தானாம். சிலிப்பரை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டான். என் தோளில் விழுந்தது.

"டேய், நான்தான்டா."

"மச்சானா? என்னா இதுலா? பாம்பா?"

"இல்ல."

"வயிறு சரியில்லையா?"

"இல்ல." பொய் ஒன்று சொல்லலாம் என்று தேடினேன், கிடைக்கவில்லை. "பயமா இருக்கு."

என் வாயால் முதல் முதலாகச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. எதற்கும் கேலி செய்கிறவன், அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"படுங்க" என்றான். நகர்ந்து இடம் விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "நடுங்குறீங்க மச்சான்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். லோரி ஸ்டேரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. அதைப் பிடித்துக்கொண்டு நான் தூங்கிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன், அதுதான் வெட்கம்.

விடியும்போது கண் திறந்தால் கிராணி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு ஆம்பிளைகள் கை கோத்துப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டார். உடனே அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த தன் பையைப் பிரித்து மறுபடி சுருட்டினார். "ராத்திரி பனி கூட, என்ன" என்றார்.

எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் மச்சானிடம் சொன்னேன், "வேண்டுதல் முடியலடா. குடம் தூக்கலாமா கூடாதான்னு தெரியல."

"யாருக்கு மச்சான் தெரியும்?"

"அம்மாளுக்குத் தெரியாதா?"

அவன் வேகமாக மிதித்தான். கோயில் வாசலில் மனைவி குடத்தோடு நின்றாள். மகள் மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் பேசுவதற்குள் மச்சான் கோயிலுக்கே கேட்கும்படி சொன்னான்: "அக்கா, உன் வீட்டுக்காரரு கடலோரமா, கும்மிருட்டுல, தன்னந்தனியாப் படுத்துட்டு வந்திருக்காரு. நாங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போகவே இல்ல." என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவன் சொன்ன பொய். நான் வாயை மூடிக்கொண்டேன். அவனும் பொய்க்காரன் ஆகக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

குடத்தைத் தூக்கியதும் கை நடுங்கியது. பால் அலம்பி என் முகத்தில் வழிந்தது. அக்கம் பக்கத்துப் பெண்கள், "அம்மா வந்துட்டா, அம்மா வந்துட்டா" என்று என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். யாரும் வரவில்லை. அது வெட்கத்தில் வந்த நடுக்கம். அம்மாள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே பாலை ஊற்றிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் மகள் தூங்கியபின் அடுப்படியில் மனைவியிடம் சொன்னேன்.

"நான் அன்னக்கித் தனியாப் படுக்கல."

"தெரியும்" என்றாள், பாத்திரம் கழுவிக்கொண்டே.

"உன் தம்பி சொல்லிட்டானா?"

"அவன் எங்க சொன்னான்? உங்களத் தெரியாதா எனக்கு? கல்யாணம் ஆன நாள்லேருந்து நடு ராத்திரியில எந்திரிச்சுத் தண்ணி குடிக்கிறேன் நானு."

"தெரிஞ்சுமா அப்படி வேண்டிக்கிட்ட?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "புள்ளைக்கு ஜுரம் ஏறிக்கிட்டே போச்சு. நெய் வெளக்கு ஏத்தறேன்னு சொன்னேன், எறங்கல. மொட்டை போடறேன்னு சொன்னேன், எறங்கல. அதெல்லாம் நமக்கு என்னா கஷ்டம்? நம்ம வீட்டுல எது ரொம்பக் கஷ்டமோ அதக் குடுக்கறேன்னு சொன்னேன். அது உங்க கிட்டதான் இருந்துச்சு." என் முகத்தைப் பார்த்து, "கோவமா?" என்றாள்.

கோபம் இல்லை. அவளுக்கு முன்னால் நான் தைரியசாலி வேடம் போட்டதும், அவள் ராத்திரி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அந்த வேடத்துக்குத் துணை நின்றதும் ஒன்றாக என் மேல் விழுந்தது. "இப்ப என்னா செய்யறது?" என்றேன்.

"அடுத்த வருஷம் போங்க. முடியலன்னா அதுக்கடுத்த வருஷம். அம்மாகிட்ட முடியலன்னு சொல்லுங்க, எங்கிட்டச் சொன்ன மாதிரி. அவ எங்க போயிரப் போறா?"

போனேன். எத்தனையோ வருடம் போனேன். சாமான் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் கைலியும் பிளாஸ்டிக்கும் மட்டும்தான். ஒரு வருடம் நிலா இருந்தவரைக்கும் தனியாகப் படுத்துக் கிடந்தேன். நிலா மறைந்ததும் எழுந்து ஆள் இருக்கிற பக்கம் போய்விட்டேன். ஒரு தடவைகூட விடிய விடிய முடிந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் அம்மாள் முன்னால் நின்று, முடியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் குடத்தை எடுத்தேன்.

ஆனால் மச்சான் வாசலில் சொன்ன அந்த ஒரு பேச்சு சும்மா இருக்கவில்லை. அது வாய்க்கு வாய் மாறி வளர்ந்துவிட்டது. நான் கடலோரம் தனியாகப் படுத்திருந்தேனாம். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா விடியும்வரை என் தலைமாட்டில் உட்கார்ந்து காவல் காத்தாளாம். கோயிலில் இளம்பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நெஜமாவே பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். நான் இல்லை என்றும் சொன்னதில்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை. சிரிப்பேன். அந்தச் சிரிப்பு ஆமாம் என்பதுதான் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி தனி அறையில் படுக்கமாட்டேன் என்று அழுதது. மகள் அதட்டினாள், "வெக்கமா இல்ல உனக்கு? தாத்தா கடலுகிட்டத் தனியாப் படுத்தாரு, தெரியுமா? பயப்படவே இல்ல." பேத்தி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் குனிவு எனக்குப் பழக்கமானது. என் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைக் குனிய வைத்துவிட்டார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அந்த இடத்திலேயே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. மச்சானுக்குப் போன் போட்டுக் கேட்டபிறகுதான் நம்பினாள். பேத்தி மட்டும் உடனே நம்பிவிட்டது. அன்று ராத்திரி அதன் பாயை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டது.

வீட்டில் சொல்லியாயிற்று. வெளியே அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், கோயிலில் படித்தும் காட்டுங்கள். நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்மேல் உள்ள மரியாதைக்காக ஒரு வரியைக்கூட நல்லதாக மாற்றிவிடாதீர்கள். அன்று ராத்திரி வெள்ளைச் சேலை அம்மா யாரும் வரவில்லை. நான் பயந்தேன், என் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். அம்மாள் எங்களுக்குப் பிள்ளையைக் கொடுத்தாள். அவளுக்கு நான் கொடுக்க வேண்டியது இன்னும் என்னிடமே இருக்கிறது.